பூட்டினது கேட்டைத்தான்

கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்ந்து உக்காரும்மா. இடிக்காது, முனையை நான் கெட்டியா புடிச்சிருக்கேன். என்னடா இதுன்னுதானே பாக்கறே? துடுப்பு. படகுத் துடுப்பு. காலடியில இருக்கிற மூட்டைதான் படகு. சிரிக்காதே, நெஜமாத்தான் சொல்றேன். காத்தடிச்சா படகு, காத்தை எறக்கினா மூட்டை.

இந்தக் கண்டக்டர் கத்தினதைக் கேட்டல்ல? என்னமோ நான் பனமரத்தைப் புடுங்கிட்டு வந்து ஏத்தின மாதிரி. பொம்பளைக்கு டிக்கெட் இல்லையாம், துடுப்புக்கு உண்டாம். குடுய்யான்னு வாங்கிட்டேன். பாரு, கையிலயே வெச்சிருக்கேன். டிக்கெட் வாங்காம வந்தான்னு ஒரு பேச்சு வரக்கூடாது. இன்னைக்கு என் மேல எந்தப் பேச்சும் வரக்கூடாது.

இது ரெண்டா கழட்டற துடுப்புதான். நடுவுல ஜாயிண்ட் இருக்கு, மணல் போய் சிக்கிக்கிச்சு. நேத்து ராத்திரி என் தங்கச்சி தமயந்தி ஒரு பக்கம், அவ வீட்டுக்காரர் ஒரு பக்கம் புடிச்சு இழுத்தாங்க. ரெண்டு பேரும் சுவத்துல போய் முட்டிக்கிட்டதுதான் மிச்சம். விடுங்க, முழுசாவே எடுத்துட்டுப் போறேன்னுட்டேன். ஆட்டோக்காரன் ஒருத்தனும் ஏத்தல. அதான் பஸ்.

நீ எங்க போகணும், தி.நகரா? நர்ஸா இருக்கியா. சட்டையைப் பாத்ததும் நெனச்சேன். குடியரசு தினத்துலயும் டூட்டி போட்டுட்டாங்களா, பாவம். நான் சைதாப்பேட்டையில எறங்கிடுவேன். டிரைவர் இன்னும் டீயையே ஊதிக்கிட்டு நிக்கிறார். சொல்றேன், கேளு. நீ கேக்கலன்னாலும் சொல்லத்தான் போறேன்.

சைதாப்பேட்டை பாலத்துக்குக் கீழ துணி துவைக்கிறவங்க எறங்கற சரிவு ஒண்ணு இருக்கு. அங்க உக்காந்து இந்தப் படகுக்குக் காத்தடிப்பேன். எறங்குவேன். ஆத்தோடயே கோட்டூர்புரத்துக்கு வருவேன். அங்க ஆத்தங்கரையிலதான் எங்க அப்பார்ட்மெண்ட். எட்டு மணிக்கு பின்பக்கத்துப் புல்தரையில கொடி ஏத்துவாங்க. செக்ரட்டரி, தலைவர், ஜிப்பா போட்ட பெரிய மனுஷங்க, பட்டுப்புடவை கட்டின அம்மாமாருங்க, எல்லாரும் ஆத்தைப் பாத்து நிப்பாங்க. அவங்க கண்ணு முன்னாடி போகப்போறேன். வேகமா கூட இல்ல. மெதுவா. கொடிக்கு ஒரு சல்யூட் வெச்சுட்டுப் போவேன், அதுல கொறை சொல்ல முடியாதில்ல?

எதுக்குன்னா, எங்க காம்பவுண்ட்ல இருந்து ஆத்துக்கு எறங்க ஒரு இரும்பு கேட் இருக்கு. அதைப் பூட்டிட்டாங்க. எனக்காகப் பூட்டினாங்க. கூட்டம் போட்டு, கை தூக்கி, ஓட்டுப் போட்டுப் பூட்டினாங்க. அந்த ஓட்டுல மொதல் கை யாரு கைன்னு நெனைக்கிறே? என் வீட்டுக்காரர் கை.

ஆமாம்மா. தாலி கட்டின கை. அன்னைக்குப் பொட்டியைக் கட்டிக்கிட்டு தமயந்தி வீட்டுக்கு வந்தவதான். இதோ பெசன்ட் நகர், கூப்பிடு தூரம். மார்கழி போய் பொங்கலும் போயிடுச்சு, அந்த மனுஷன்கிட்ட நான் ஒரு வார்த்தை பேசல. தினமும் தமயந்திக்கு போன் பண்றார். சாப்பிட்டாளா, தூங்கினாளா, முட்டி வலிக்குதுன்னாளான்னு. வேவு பாக்கறாராம். தமயந்தியும் ஸ்பீக்கர்ல போட்டு என்னைக் கேக்க வெப்பா. நான் மிக்சியைப் போட்டுடுவேன்.

வண்டி எடுத்துட்டான் பாரு. புடிச்சுக்கோ.

என் பேரு செண்பகவல்லி. குடிநீர், சாக்கடை ஆபீஸ்ல புகார் கவுண்டர்ல உக்காந்திருந்தேன். சர்வீஸ் பூரா அங்கதான். காலையில ஷட்டர் தூக்கினா ஊர்ல இருக்கிற அத்தனை பேரோட கோவமும் என் மூஞ்சியிலதான். எங்க தெருவுல தண்ணி வரல, எங்க வீட்ல சாக்கடை வருது, நீயெல்லாம் ஒரு பொம்பளையான்னு கூட கேட்டிருக்காங்க. சிரிச்சுக்கிட்டே எழுதி வாங்குவேன். சிரிச்சு சிரிச்சு தாடை வலிக்கும். ரிட்டயர் ஆன அன்னைக்கு மாலை போட்டாங்க, ஒரு சுவர்க்கடிகாரம் குடுத்தாங்க. அடுத்த வாரம் ஆபீஸ் பொம்பளைங்க எல்லாம் சேர்ந்து ஒரு வேன் எடுத்துக்கிட்டு ஈ.சி.ஆர். பக்கம் கழிமுகத்துக்குப் போனோம். அங்கதான் இதைப் பாத்தேன். கயாக்குங்கறாங்க. ஒருத்தர் மட்டும் உக்கார்ற படகு. ஒரே துடுப்பு, ரெண்டு முனையிலயும் தட்டை. இந்தப் பக்கம் ஒரு தள்ளு, அந்தப் பக்கம் ஒரு தள்ளு.

மத்தவங்க எல்லாம் போட்டோ எடுத்துக்கிட்டு எறங்கிட்டாங்க. நான் எறங்கல. படகு வாடகைக்கு விடற பையன் விசில் ஊதி ஊதிப் பாத்தான். நடுத் தண்ணியில நின்னுட்டேன். ஒருத்தரும் என்னைக் கூப்பிடல. ஒருத்தரும் புகார் சொல்லல. அவ்வளவு சத்தம் இல்லாம நான் இருந்ததே கிடையாதும்மா. அழுகை வந்துடுச்சு. எதுக்கு அழுதேன்னு இப்பவும் தெரியல, ஆனா நல்லா இருந்துச்சு.

அப்புறம் என்ன, வெளிநாட்டுக்குக் குடிபோற ஒரு பொண்ணுகிட்ட இந்தப் படகை வாங்கினேன். அந்தப் பொண்ணே நாலஞ்சு நாள் கூட வந்து கத்துக்குடுத்துச்சு. லைஃப் ஜாக்கெட் இல்லாம எறங்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிடுச்சு. அந்த சத்தியத்தை நான் மீறினதே கிடையாது. நீயும் அதைத்தானே கேக்க வந்தே? நர்ஸு புத்தி.

ஆறு நாறுதேன்னு எல்லாரும் கேப்பாங்க. நாறுது. சில நாள் மூக்கைப் புடிச்சுக்கணும். நான் இல்லன்னா சொல்றேன்? நாத்தம் புடிச்ச வேலையைத்தான் ஆயுசு பூரா பாத்தேன், அப்ப ஒருத்தரும் கேக்கல. மழை பெஞ்சு முடிச்ச நாள்ல வந்து பாரு, தண்ணி தண்ணியா இருக்கும். நாரை நிக்கும். ரோட்டுல இருந்து பாக்கற ஊர் வேற, தண்ணியில இருந்து பாக்கற ஊர் வேற. எல்லா வீடும் முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கும். பின்பக்கத்துக் குழாய், கொடியில காயற பாவாடை, சமையக்கட்டு ஜன்னல்ல பல்லு தேய்க்கிற ஆளு. முன்பக்கத்துல கிரானைட் போட்டவன் வீட்டுக்கும் பின்பக்கம் அதே பாசிதான்.

என் வீட்டுக்காரர் பேரு தணிகாசலம். ரயில்வேயில இருந்தவர். கையில வாட்ச் இல்லன்னா கை இல்லாத மாதிரி தவிப்பார். நான் படகு வாங்கிட்டு வந்த அன்னைக்கு மூட்டையைச் சுத்திச் சுத்தி வந்தார். இது எதுக்கு, கோயில் குளம்னு போகக் கூடாதான்னார். கோயிலுக்குப் போனா புகார் சொல்லத்தான் போறேன், எனக்குப் புகாரே வேணாம்னேன். அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல. சொல்லமாட்டார். அவர் வாயில இருந்து ஒரு வார்த்தை வாங்கறதுக்குள்ள எனக்கு ரெண்டு இட்லி செரிச்சிடும்.

ஆனா பண்ணினதைக் கேளு. எங்க காம்பவுண்டுக்குள்ளயே நடக்கறதுக்குப் பாதை போட்டிருக்காங்க. பக்கத்துல பார்க் இருக்கு. மத்த ஆம்பளைங்க எல்லாம் அங்க நடக்கறாங்க. இவர் மட்டும் நான் படகை எறக்கின நாள்ல இருந்து பாலத்து மேல நடக்கப் போனார். கோட்டூர்புரம் பாலம். புகை, தூசி, ஹாரன். அங்க என்ன வாக்கிங்? நான் பாலத்துக்கிட்ட வர்றப்ப நிமிர்ந்து பாத்தா கைப்பிடிச் சுவர்ல முழங்கையை ஊனிக்கிட்டு நிப்பார். நான் அடியில நுழைஞ்சதும் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் ஓடுவார். அத்தனை பஸ்ஸுக்கும் பைக்குக்கும் நடுவுல, கையைக் காட்டிக்கிட்டு. நான் வெளிய வர்றப்ப அந்தப் பக்கத்துச் சுவர்ல ரெடியா நிப்பார். என்னைப் பாத்ததும் வாட்சைப் பாப்பார்.

நான் என்ன லேட்டா வர்ற பாசஞ்சர் வண்டியா? எனக்குப் பத்திக்கிட்டு வரும். என் மேல நம்பிக்கை இல்ல, அதான். இவ எப்படியும் கவுந்துடுவா, எத்தனை மணிக்குக் கவுந்தான்னு குறிச்சு வெச்சுக்கலாம்னு நிக்கிறார். நேருக்கு நேர் கேட்டேன். எதுக்கு அங்க வந்து நின்னு மானத்தை வாங்கறீங்கன்னு. காத்து நல்லா வருதுங்கறார். அந்தப் பாலத்துல. காத்து.

சிரிக்கிறே பாரு. உனக்குக் கல்யாணம் ஆகல போல.

மத்திய கைலாஷ் வந்தாச்சா? சிக்னல்ல நிக்கட்டும், நிக்கட்டும்.

போன ஐப்பசியில மழை அடிச்சு ஊத்துச்சு இல்ல, அது விட்டு ரெண்டு நாள். எங்க செக்ரட்டரி ஞானமூர்த்தின்னு ஒருத்தர். ரிட்டயர்டு பேங்க் மேனேஜர். ரிட்டயர் ஆனதை அவர்கிட்ட யாரும் இன்னும் சொல்லல போல. அவர் என்னை லிஃப்ட்ல பாத்து, மேடம், தண்ணி ஜாஸ்தி, கொஞ்ச நாள் எறங்க வேணாம்னார். அவர் சொல்லாம இருந்திருந்தா நான் எறங்கியிருக்க மாட்டேன். சத்தியமா. எனக்கே அன்னைக்கு அவ்வளவு ஆசை இல்ல. ஆனா அவர் சொல்லி நான் எறங்காம இருந்தா, அவர் சொல்லி நான் எறங்கலன்னு ஆயிடுமில்ல? எறங்கினேன்.

பாலம் வரைக்கும் ஜோராத்தான் போனேன். பாலத்துக்கு அடியில ஆகாயத்தாமரை வந்து அடைச்சுக்கிட்டு நிக்குது. மேல இருந்து வெள்ளம் அடிச்சுக்கிட்டு வந்தது. பாத்தா பச்சைப் புல்தரை மாதிரி இருக்கும், மாடு மேய விடலாம். உள்ள போய் சொருகிடுச்சு படகு. முன்னாடியும் போகல, பின்னாடியும் வரல. பின்னாடி இருந்து இன்னும் செடி வந்து சேருது. தப்பு என் மேல இல்ல, அதை மொதல்ல சொல்லிடறேன். ஆகாயத்தாமரை மேல.

எனக்குப் பயம் இல்ல. உக்காந்துதான் இருந்தேன். தூணுல ஒரு கம்பி நீட்டிக்கிட்டு இருந்துச்சு. தலையில கட்டியிருந்த துப்பட்டாவை அவுத்து அந்தக் கம்பியில வீசி மாட்டினேன், புடிச்சு இழுத்து வெளிய வந்துடலாம்னு. அது மாட்டிக்கிச்சு, என் கையை விட்டுப் போயிடுச்சு. செவப்புத் துப்பட்டா. அது பாலத்துக்கு வெளிய வந்து தொங்குது. எட்டிப் புடிக்கறேன்னு அசைஞ்சதுல ஒரு செருப்பு தண்ணியில விழுந்து மெதந்து வெளிய போயிடுச்சு. நான் நெழல்ல, பாலத்துக்கு நடு வயித்துல, தூணுக்குப் பின்னாடி. மேல இருந்து எட்டிப் பாத்தா என்ன தெரியும் சொல்லு. ஒரு துப்பட்டா. ஒரு செருப்பு. பச்சைப் பசேல்னு செடி. ஆளைக் காணோம்.

பொம்பளை விழுந்துட்டான்னு எவனோ கத்தியிருக்கான். அவ்வளவுதான். பைக்கு எல்லாம் நின்னுடுச்சு. பஸ்ஸு நின்னுடுச்சு. நான் கீழ இருந்து, யோவ், நான் இங்கதான் இருக்கேன்யான்னு கத்தறேன். ஹாரன் சத்தத்துல யாருக்குக் கேக்குது? மேல காலடிச் சத்தம் மட்டும் தடதடன்னு கேக்குது. ஒரு ஆளு ரொம்ப நேரம் கத்திக்கிட்டே இருந்தான். என்ன சொல்றான்னு புரியல, ஆனா தொண்டை கிழியறாப்பல கத்தினான்.

ஃபயர் சர்வீஸ் வந்தாங்க. ரப்பர் படகு போட்டு, செடியை வெட்டி வெட்டி ரொம்ப நேரம் கழிச்சு வந்து சேர்ந்தாங்க. மீசை இப்பதான் மொளைச்ச ஒரு பையன் என் கையைப் புடிச்சுக்கிட்டு, அம்மா, எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம்மா, வீட்ல என்ன பிரச்சனைன்னு கேட்டான். வீட்ல பிரச்சனை இல்லாம இருந்தாத்தான்டா அதிசயம், அதுக்கா நான் ஆத்துல வந்து உக்காருவேன், இது என் வண்டி, நான் ஓட்டிக்கிட்டு இருக்கேன்னு சொன்னேன். நம்பல. லைஃப் ஜாக்கெட் போட்டுக்கிட்டு யாராவது சாக வருவாங்களாடான்னேன். அப்பத்தான் யோசிச்சான்.

யோசிச்சுட்டு அவனுக்குக் கோவம் வந்துடுச்சு. நல்ல பையன்தான், ஆனா கோவம். உங்களால இன்னொரு உசுரும் போயிருக்கும்மா, மேல ஒரு பெரியவர் உங்களைக் காப்பாத்தறேன்னு குதிக்கப் போயிட்டார், நாலு பேர் இழுத்துப் புடிச்சு டீக்கடை பெஞ்சுல அமுக்கி உக்கார வெச்சிருக்காங்க, நீச்சல் தெரியுமான்னு கேட்டா தெரியாதுங்கறார், விடுங்கடா விடுங்கடான்னு அழறார்னான். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. நீச்சல் தெரியாதவர் குதிச்சு யாரைக் காப்பாத்தறது? எந்த வீட்டுக் கிறுக்கனோ. அவர் வீட்ல இருக்கிறவ என்ன பாடு படறாளோன்னேன்.

ஆனா எனக்கு எது பொறுக்கல தெரியுமா? ரப்பர் படகுல உக்காந்து நிமிர்ந்து பாக்கறேன். பாலம் முழுக்கத் தலை. இந்தப் பக்கம் பாத்தேன், அந்தப் பக்கம் பாத்தேன். என் வீட்டுக்காரர் இல்ல. தினமும் நிக்கிற எடத்துல எவனோ போன்ல படம் புடிக்கிறான். எல்லா நாளும் வாட்சைக் கட்டிக்கிட்டு நின்ன மனுஷன், எனக்கு ஒண்ணுன்னு வந்த அன்னைக்கு ஆளைக் காணோம். அது எனக்கு இங்க, இங்கதாம்மா, இன்னும் உறுத்துது. மத்ததெல்லாம் விடு.

எதிர்க் கரையில ஏத்தி, ஜீப்புல ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. எழுதி வாங்கிக்கிட்டு அனுப்பிட்டாங்க. வீட்டுக்கு வந்து குளிச்சு சோறும் வடிச்சுட்டேன், அப்பதான் வர்றார். மத்தியானம். வர்ற கோலத்தைப் பாக்கணுமே. கட்டம் போட்ட சட்டை, தீபாவளிக்கு நான் எடுத்துக் குடுத்தது, ஒரு பொத்தான் இல்ல. அத்தனையும் அறுந்து போச்சு. முழங்கையில தோல் வழண்டு ரத்தம். எங்க போனீங்க, என்ன ஆச்சுன்னா, பஸ்ல கூட்டம்ங்கறார். என்னைப் பாத்துக்கிட்டே சமையக்கட்டு வாசல்ல தரையில உக்காந்துட்டார். ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சார். ஒரு வார்த்தை, பொழைச்சியாடின்னு ஒரு வார்த்தை கேக்கல. நான்தான் மஞ்சளைப் போட்டுவிட்டேன். பொத்தானையும் நானே தைச்சேன். ஒரே மாதிரி பொத்தான் கெடைக்கல, கலந்து தைச்சேன். அவ்வளவு பண்ணியிருக்கேன் நான்.

அப்புறம் அந்த வீடியோ. பாலத்தில் பெண் தற்கொலை முயற்சின்னு போட்டு, என் மூஞ்சியோட. அப்பார்ட்மெண்ட் குரூப்ல வந்துடுச்சு. லிஃப்ட்ல ஏறினா எல்லாரும் பாவமா பாக்கறாங்க. நாலாவது மாடி அம்மா எனக்கு ஒரு தியான வகுப்பு நோட்டீஸ் குடுத்தாங்க. ஞானமூர்த்தி விடுவாரா? கூட்டம் போட்டுட்டார். நம்ம கட்டடத்தோட பேரு, குழந்தைங்க இருக்கிற எடம், நாளைக்கு ஒண்ணு ஆனா யாரு பொறுப்புன்னு நீட்டி முழக்கினார். நான் எழுந்து நின்னு சொன்னேன். நான் விழல, சாகல, யாரையும் காப்பாத்துங்கன்னு கூப்பிடல. என் கை, என் கால், என் படகு. கேட்டைப் பூட்டினா ஆறு நின்னுடுமான்னு கேட்டேன். ரெண்டு மூணு பேர் கை கூட தட்டினாங்க. எனக்கு ஜெயிச்சுடுவோம்னு இருந்துச்சும்மா. நெஜமா.

அப்ப ஞானமூர்த்தி, சாரே சொல்லட்டும், அவர் சம்சாரம்தானே, அவர் சொன்னா நாங்க கட்டுப்படறோம்னார். எல்லாரும் திரும்பி இவரைப் பாக்கறாங்க. நானும் பாக்கறேன். எழுந்திரிக்கல. வாயைத் தொறக்கல. உக்காந்த வாக்குலயே கையைத் தூக்கினார். பூட்டறதுக்கு. மொதல் கை. அதைப் பாத்து ஒவ்வொண்ணா அத்தனை கையும் மேல போச்சு.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினதும் கேட்டேன். எப்படிங்க மனசு வந்துச்சு, ஊரே எதிர்த்தாலும் நீங்க தூக்கலாமா அந்தக் கையைன்னு. அப்பவும் தரையைத்தான் பாக்கறார். அப்புறம் சொன்னார்.

"இன்னொரு தடவை என்னால முடியாது, வல்லி."

பாத்துக்கோ. என்ன முடியாது அவரால? அசோசியேஷன்ல நாலு பேர் முன்னாடி தலை குனிய முடியாதாம். மானம் போயிடுச்சாம். என்னோட சந்தோஷத்தை விட அவருக்கு அந்த ஞானமூர்த்தி மூஞ்சி பெருசாப் போச்சு. அன்னைக்குக் கட்டினேன் பொட்டியை. வாசல் வரைக்கும் வந்தார். இந்தப் படகு மூட்டையை அவரே தூக்கிட்டு வந்து ஆட்டோவுல வெச்சார். லைஃப் ஜாக்கெட்டை மேல வெச்சுக் கட்டினார். போடி, போய்த் தொலைன்னு அர்த்தம், வேற என்ன?

அதனாலதான் இன்னைக்குப் போறேன். அவங்க பூட்டினது கேட்டைத்தான். ஆத்தைப் பூட்டல. இனிமே எந்தக் கேட்டுக்கும் போய் நிக்க மாட்டேன் நான். அவங்க எல்லாம் பாக்கட்டும். அவரும் கொடிக்குப் பக்கத்துல நிப்பாரில்ல, அவரும் பாக்கட்டும்.

என்னம்மா?

என்ன கேட்டே, திருப்பிச் சொல்லு.

பொத்தானா? பஸ்ல கூட்டம்னு சொன்னாரே. அப்படித்தான் அறுந்திருக்கும். ஒண்ணு ரெண்டு அறுந்திருக்கலாம், சரி. அத்தனையும்...

நாலு பேர் சேர்ந்து இழுத்தா அறுந்துடும்கறியா? உனக்கென்ன தெரியும். ஆஸ்பத்திரியில பாத்திருக்கியா? விட மாட்டேன்னு முண்டற ஆளைப் புடிச்சா சட்டை அப்படித்தான் போகும்கறே.

இரு. இரு, இரு. அவர் அன்னைக்குப் பாலத்துலயே இல்லம்மா. நான்தான் பாத்தேனே, நிக்கிற எடத்துல இல்லையே. டீக்கடை... டீக்கடை பாலத்து முனையில, கீழ இருந்து அது தெரியாது.

அவருக்கு நீச்சல் தெரியாதும்மா. மெரினாவுல கூட முட்டி வரைக்கும்தான் நிப்பார். பேன்ட்டை மடிச்சு விட்டுக்கிட்டு, அலை வந்தா நாலடி பின்னாடி ஓடற ஆளு.

கத்தினது அவர் குரல் இல்ல. அவர் கத்தி நான் கேட்டதே இல்லையே. எப்படித் தெரியும் எனக்கு அவர் குரலுன்னு.

தண்ணி இருக்காம்மா உன்கிட்ட? குடு. கர்ச்சீப் வேணாம், கண்ணுல தூசி. ஜன்னலைக் கொஞ்சம் எறக்கு.

சின்னமலை தாண்டிட்டானா? அடுத்தது நம்மதுதான். இந்தத் துடுப்பைக் கொஞ்சம் புடி. போனை எடுக்கணும். ஓட்டு தப்புதான். அதுல எந்த மாத்தமும் இல்ல. வாயைத் தொறந்து சொல்லியிருக்கணுமா இல்லையா, நீயே சொல்லு. பஸ்ல கூட்டமாம். பொய் சொல்லக் கூடத் தெரியல பாரு.

ஹலோ. நான்தான். யாருன்னா என்ன அர்த்தம், எத்தனை வல்லி இருக்காங்க உங்களுக்கு? ஒண்ணும் ஆகல. ஒண்ணும் ஆகலங்கறேன்ல, மூச்சு விடுங்க மொதல்ல. சண்டை அப்படியேதான் இருக்கு, அதைப் பேசறதுக்குக் கூப்பிடல.

எட்டு மணிக்குக் கொடி ஏத்தறாங்கல்ல? அங்க நிக்காதீங்க. பாலத்துக்கு வாங்க. எப்பவும் நிக்கிற எடத்துக்கு. ஆமா, எறங்கறேன். சைதாப்பேட்டையில இருந்து. இல்ல, செடி எல்லாம் போயிடுச்சு, நேத்தே வந்து பாத்துட்டேன். ஜாக்கெட் போட்டுக்கிட்டுத்தான்.

முடியாதா? முடியும். நான் நுழையறதையும் பாருங்க, அந்தப் பக்கம் வந்து நான் வெளிய வர்றதையும் பாருங்க. வெளிய வருவேன். வாட்சைப் பாத்துக்கோங்க. ரோட்டைத் தாண்டறப்ப ரெண்டு பக்கமும் பாத்துத் தாண்டுங்க, ஓடாதீங்க, நீங்க வந்து நிக்கிற வரைக்கும் நான் அடியிலயே துடுப்பை வெச்சுக்கிட்டு நிக்கிறேன்.

அப்புறம், சட்டைப் பொத்தானை எல்லாம் ஒழுங்காப் போட்டுக்கிட்டு வாங்க.

வெச்சுட்டேன். என்னம்மா நீ அழறே, டூட்டிக்குப் போற நேரத்துல. கண்டக்டர், சைதாப்பேட்டை, நிறுத்துங்க. துடுப்பு எறங்கணும், அதுக்கும் டிக்கெட் வாங்கியிருக்கேன்.